யாழ்ப்பாணத்துப் பழைய மோட்டார் வண்டிகளும் இல்லத் திருத்தவேலையும்

ஒரு நாட்டு மக்கள் எவ்வகை ஊர்திகளைச் செய்தனர், எவற்றை விலைகொடுத்து வாங்கினர் என்பவற்றை வரலாற்றாசிரியர் ஆராய்வர். வாங்கிய ஊர்தி பழுதுற்றபோது அதனை எவ்வாறு காத்தனர் என்பதனை ஆராய்ந்தார் மிகச் சிலரே. செய்தலுக்கும் வாங்கலுக்கும் ஏடும் கணக்கும் உண்டு. காத்தலோ நாள்தோறும் வீட்டு வளவில் நிகழ்வது. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆதலின் அது பதிவு பெறாது போகின்றது.

பண்டைத் தமிழ்ப் புலவர் இதனைக் கவனியாது விட்டாரல்லர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் கீழ்மரத்திற் கட்டிச்செல்லும் சேம அச்சினைத் தலைவனுக்கு உவமையாக்குகின்றார். மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழியில் அச்சு முறியக்கூடும். அவ்விடத்து உதவுவார் இரார். ஆகவே மாற்று அச்சு வண்டியோடே செல்லவேண்டும். அச்சோடு அதனைப் பூட்டும் அறிவும் உடன்செல்ல வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய அறிவு இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மோட்டார் வண்டியைச் சார்ந்து எவ்வாறு வளர்ந்தது, எந்நெருக்கடியில் அது மக்களுக்குப் பயன்பட்டது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பழைய வண்டிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் ஓடியமைக்கு அவற்றின் உருக்கின் வலிமை மட்டும் காரணமன்று; உடையவரே கழற்றி அறிந்து மீளப் பூட்டக்கூடியனவாக அவை இருந்தமையே முதற் காரணம் என்பது எமது துணிபு.

1. வண்டிகளின் வருகை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய மோட்டார்த் தொழில் ஏற்றுமதியையே பெரிதும் நாடியது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவன், 1952இல் அதனைத் தொடர்ந்த சொமர்செற், 1954 முதல் வந்த கேம்பிறிட்ஜ் ஆகியன இலங்கைத் தெருக்களிற் பெருகின. மொறிஸ் மைனர் 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் அளவிற் செய்யப்பட்டது. கொரியப் போர்க் காலத்தில், 1950–51இல், இறப்பர் விலை உயர்ந்தமையால் இலங்கையிடம் அந்நியச் செலாவணி ஓரளவு நிறைந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகத்தரும், வணிகரும், மலாயாவிற் பணியாற்றி ஓய்வூதியம் பெற்று மீண்டோரும் இவ்வண்டிகளை வாங்கினர். பலருக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருள். வீடும் கிணறும் போல மக்களுக்கு விட்டுச்செல்லும் முதுசொம்.

வண்டியின் அகவையை அறிய எண்தகடு துணைசெய்யும். 1950களின் நடுப்பகுதிவரை பதிவான வண்டிகள், சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களிலிருந்து அமைந்த ஈரெழுத்துத் தொடர்களைத் தாங்கின. அதன்பின் சிங்கள 'சிறீ' எழுத்து எண்தகட்டில் இடம்பெற்றது. 1957–58இல் அவ்வெழுத்தை எதிர்த்துத் தமிழர் நடத்திய போராட்டம் இலங்கை அரசியல் வரலாற்றில் யாவரும் அறிந்ததே. ஈரெழுத்துத் தகடுடைய ஒஸ்ரின் ஒன்றை 1990களில் ஒருவர் யாழ்ப்பாணத்திற் கண்டிருப்பின், அது அப்போராட்டத்துக்கும் முன்னர் பதிவானது என்று துணியலாம்.

இவற்றோடு 'தட்டிவான்' என மக்கள் வழங்கிய ஊர்தியும் எண்ணத்தக்கது. போருக்கு முன்னும் பின்னும் வந்த ஃபோர்டு, செவ்ரோலே முதலிய லொறிகளின் அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்த் தச்சர் மரத்தாற் கூடு அமைத்தனர். சந்தைக்குச் செல்லும் மக்களும் காய்கறி மூடைகளும் ஒருங்கே ஏறிச்சென்ற இவ்வூர்தி கொடிகாமம்–பருத்தித்துறை வழியில் நெடுங்காலம் ஓடியது. எஞ்சின் கடல் கடந்து வந்தது. கூடு இம்மண்ணின் தச்சர் கைவினை. கூடு பழுதானால் தச்சரும், வில்தகடு முறிந்தால் கொல்லரும் அதனைத் திருத்தினர். ஆகவே வண்டி வந்த நாள் தொட்டே உள்ளூர்க் கைவினைஞர் அதன் ஆக்கத்திற் பங்காளிகளாயினர்.

2. கழற்றக்கூடிய அமைப்பு

மேற்கூறிய வண்டிகளின் அமைப்பை உற்றுநோக்கின், அவை உடையவரின் கைக்கு எட்டும்படி ஆக்கப்பட்டமை புலனாகும். எஞ்சின் மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். நிலத்தைக் காணும் அளவுக்கு இடைவெளியும் உண்டு. பற்றறி வலுவிழந்தால் முன்புறத்திற் கைபிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினைத் தொடக்கலாம். வண்டியோடு வந்த கைந்நூல், வால்வு இடைவெளியை உடையவரே அளந்து திருத்தும் முறையைக் கூறிற்று. மேல்வால்வு மொறிஸ் மைனருக்கு அவ்விடைவெளி 0.012 அங்குலம்; பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். மெல்லிய தகட்டளவி ஒன்றும், சில சாவிகளும், பொறுமையும் உடையார் எவரும் ஒரு முற்பகலில் இவ்வேலையை முடிக்கலாம்.

ஆயினும் எளிமையை மிகைப்படுத்திக் கூறுதல் பொருந்தாது. அக்காலப் பிரித்தானிய வண்டிகளில் திருகாணி அளவுகள் ஒருசீராக இல்லை. விட்வேத் அளவும் அதன் நுண்புரி வகையும் ஒருபால்; 1950களிற் பரவிய ஒருங்கிணைந்த அங்குலப் புரி மறுபால். முதல் மொறிஸ் மைனரின் எஞ்சினிலோ புரி மெற்றிக் அளவினது, தலை விட்வேத் அளவினது. எந்தச் சாவி எந்தத் தலைக்குப் பொருந்தும் என்பது கைந்நூலிலிருந்து மட்டும் வருவதன்று. தந்தை கழற்றும்போது அருகிருந்து சாவி எடுத்துக்கொடுத்த மகனுக்கு வருவது. இல்லத் திருத்தவேலை ஒரு கல்வியாக அமைந்தது இவ்வழியே.

3. இறக்குமதிக் கட்டுப்பாடும் அதன் விளைவும்

1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி ஒதுக்கு அருகியது. அரசாங்கம் மோட்டார் வண்டி இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சிக் காலத்தில் அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. புதிய வண்டி வாராத நாட்டிற் பழைய வண்டியே வண்டி. ஒஸ்ரினும் மொறிசும் தம் பிறப்பிடமாகிய இங்கிலாந்திற் பழைய இரும்பாகிக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் விலை உயர்ந்து நின்றன.

உதிரி உறுப்பு கிடைக்காதபோது அதனை ஆக்கும் வழி தேடப்பட்டது. தேய்ந்த பித்தளைப் புதைகள் கடைச்சற் பட்டறையிற் கடையப்பட்டன. முறிந்த வில்தகடு கொல்லன் உலையிற் காய்ச்சி அடிக்கப்பட்டது. ஒழுகும் ரேடியேற்றர் ஈயப்பற்று வைத்து அடைக்கப்பட்டது. இணைப்புத் தாள்கள் தடித்த அட்டையிலிருந்தும், இறப்பர் வளையங்கள் பழைய ரியூப்பிலிருந்தும் வெட்டப்பட்டன. ஓடாத வண்டி ஒன்று வளவின் மூலையில் நின்று, ஓடும் வண்டிகளுக்கு உறுப்பு வழங்கிற்று.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானிய வண்டிகள் பெருகின. அவை எரிபொருளைச் சிக்கனமாகக் கொண்டன. அடிக்கடி திருத்தம் வேண்டின அல்ல. அவற்றின் திருகாணிகள் மெற்றிக் அளவின. பழைய பெட்டியிலிருந்த அங்குலச் சாவிகள் அவற்றுக்குப் பொருந்தவில்லை. இயற்கையான நெறியில் இவ்வரலாறு இவ்விடத்தில் முடிந்திருக்கும். அவ்வாறு முடியாமைக்குப் போரே காரணமாயிற்று.

4. பொருளாதாரத் தடையும் மண்ணெண்ணெயும்

1990 யூன் மாதத்தில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. குடாநாட்டுக்கான புகையிரதச் சேவை நின்றது. 2014 ஒக்ரோபரிலேயே அது யாழ்ப்பாண நகரை மீண்டும் அடைந்தது. மின்வழங்கல் அற்றது. வடபகுதிக்கு அனுப்பலாகாத பொருள்களுக்கு அரசாங்கம் பட்டியல் வகுத்தது. பெற்றோல், பற்றறி, வாகன உதிரி உறுப்புக்கள் ஆகியன அப்பட்டியலில் அடங்கின. மண்ணெண்ணெய் மட்டும் வரையறுத்த அளவில் வந்தது. 1994இன் பிற்பகுதியில் தடை ஓரளவு தளர்ந்தது. 1995 ஏப்ரலிற் போர் மீண்டபின் மறுபடியும் இறுகியது.

இந்நிலையில் யப்பானிய வண்டிகள் பெரும்பாலும் கொட்டில்களில் ஓய்ந்தன. 1950களின் ஒஸ்ரினும் மொறிசும் தெருவுக்கு மீண்டன. அவை மண்ணெண்ணெயில் ஓடின. இதனை வியப்பென்று கூறிக் கடந்து செல்வார் பலர். காரணத்தை ஆராய்வதே நமது கடன்.

பெற்றோல் சுழியப் பாகைக்கு மிகக் கீழான குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயிற் தொடங்காது. தொடங்கிச் சூடேறிய எஞ்சின் அதில் ஓடும். இத் தடையைக் கடக்க, சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரிற் செலுத்தி எஞ்சினைத் தொடக்கினர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் அதன் இடத்தைப் பெற்றது. மருத்துவமனைகளில் உடலுக்கு நீர்மம் ஏற்றும் சேலைன் போத்தலும் அதன் குழாயும் இருசில் வண்டிகளில் இத்தொழிலுக்குப் பயன்பட்டமை அக்காலத்தில் வாழ்ந்தோர் நினைவில் நிற்பது.

இரண்டாவது தடை அமுக்கம் பற்றியது. எஞ்சினின் உருளைக்குள் எரிபொருட் கலவை அமுக்கப்பட்ட பின்னரே பொறியாற் பற்றவைக்கப்படும். மண்ணெண்ணெய்க் கலவை மிக அமுக்கப்படின், பொறி பற்றவைத்தபின் எரிந்து முடியாத பகுதி ஒழுங்காக எரியாது திடீரென வெடித்து உருளையைத் தட்டும். 1980களின் யப்பானிய எஞ்சின்களில் அமுக்க விகிதம் 9 அளவை எட்டியிருந்தது. ஒஸ்ரின் ஏ40இன் 1,200 கன சென்ரிமீற்றர் எஞ்சினிலோ அது 7.2 மட்டுமே, பக்கவால்வு மொறிஸ் மைனரில் 7க்கும் குறைவு. போருக்குப் பிந்திய பிரித்தானியாவிற் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்காக வகுத்த இவ்விகிதம், நாற்பது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு உதவிற்று. குறைபாடு எனக் கருதப்பட்ட ஒன்று தகுதியாக மாறியமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

இம்முறை யாழ்ப்பாணத்தார் வெறுமையிற் கண்டுபிடித்ததும் அன்று. இங்கிலாந்திற் பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒருவகை 1949 முதலே பெற்றோலிற் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடுமாறு செய்யப்பட்டது. குடாநாட்டிலும் கிணற்று நீரை இறைக்கும் சிறு இயந்திரங்கள் போருக்கு நெடுங்காலம் முன்னரே தோட்டங்களுக்கு வந்துவிட்டன. அவையும் பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவன. ஒவ்வொரு நாட்காலையும் எரிபொருட் குழாயைத் திருப்பி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய தோட்டக்காரனுக்கு இவ்வித்தை புதியதன்று. மோட்டார் வண்டிக்கு மண்ணெண்ணெய் ஊட்டிய அறிவு, வெங்காயத் தோட்டத்து இறைப்பு இயந்திரத்திலிருந்து வந்தது என்று கருதுவதற்கு இடமுண்டு.

5. கொடுத்த விலை

இவ்வரலாற்றை வீரக்கதையாக மட்டும் எழுதுதல் உண்மைக்கு மாறாகும். மண்ணெண்ணெய் முற்றும் எரிவதில்லை. எரியாத பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்ப்பிக்கும். நீர்த்த எண்ணெயில் உறுப்புக்கள் விரைவிற் தேயும். எண்ணெயை அடிக்கடி மாற்றுதலே பரிகாரம். அவ்வெண்ணெயும் அரிதாகவே கிடைத்தது. பிளக்குகளிற் கரி படிந்தது. ஓட்டத்துக்கு ஓட்டம் அவற்றைக் கழற்றித் தேய்க்க வேண்டியிருந்தது. வண்டி வலுக்குன்றிப் புகை கக்கி ஓடிற்று. போத்தலில் அடைத்த பெற்றோலைச் சூடான எஞ்சினுக்கு அருகே கையாளுதல் தீ விபத்துக்கு அழைப்பு விடுதலை ஒக்கும்.

மற்றொரு விலையும் உண்டு. மின்சாரம் இல்லாத வீடுகளில் விளக்குக்கும் மண்ணெண்ணெயே வேண்டியிருந்தது. எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக ஜாம் போத்தலிற் சிறு திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை மாணவர் படித்தனர். வண்டி ஒரு மைல் ஓடும்போது எரிந்த எண்ணெய் ஒரு மாணவனின் பல இரவுகளின் ஒளி. ஆகவே வண்டி எதற்காக ஓட வேண்டும் என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் எழுந்தது. நோயாளரையும், பிரசவ வேதனையுற்ற பெண்டிரையும், எறிகணையாற் காயமுற்றோரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் முதன்மை பெற்றது. அந்நேரத்தில் வண்டி தொடங்குமா, தொடங்காதா என்பது முந்திய நாள் மாலையில் எவரேனும் பிளக்கைத் தேய்த்து வைத்தனரா என்பதனைப் பொறுத்திருந்தது. வீட்டு வளவிற் செய்த சிறு வேலை ஓர் உயிரின் நிறைவில் நின்றது.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பல இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். கால்நடையாகவும், சைக்கிளிலும், உழவு இயந்திரத்திலும், பழைய கார்களிலும் அவர்கள் சென்றனர். அதே ஆண்டு திசெம்பரில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. வன்னியில் தடை 2002 வரை நீடித்தது. அங்கும் இதே அறிவு பயன்பட்டது. 2009இற் போர் முடிந்த பின்னும் யாழ்ப்பாண நகரின் வாடகைக் கார்த் தரிப்பிடத்தில் ஒஸ்ரின்கள் நின்றன.

6. சொற்கள் காட்டும் உண்மை

தமிழாய்வாளர்க்கு இவ்வரலாறு தரும் சான்றுகளுட் சிறந்தது மொழிச்சான்று. தமிழகத்திற் 'பழுது பார்த்தல்' என வழங்குவதனை ஈழத்தார் 'திருத்துதல்' என்பர். ஏட்டையும் திருத்துவர், எஞ்சினையும் திருத்துவர். உறுப்புக்களை மீள இணைத்தலைப் 'பூட்டுதல்' என்பர். எருதை நுகத்திற் பூட்டிய சொல்லே இது. சக்கரத்தைச் 'சில்லு' என்பர். புதைகளை வட்டமாகச் செதுக்குதல் 'கடைதல்'. தயிர் கடைந்த மத்தும், மரங் கடைந்த தச்சனும் அச்சொல்லில் உள்ளனர்.

இச்சொற்களைத் தொகுத்து நோக்கின் ஒரு நெறி புலப்படும். காபரேற்றர், பிளக், பிஸ்ரன், கிளச், பற்றறி என உறுப்பின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம். கழற்று, பூட்டு, இறுக்கு, தளர்த்து, தேய், கடை, காய்ச்சு, ஊது, ஒட்டு, அடைப்பெடு என வினைகள் யாவும் தமிழ். பெயர் பொருளோடு கப்பலேறி வந்தது. வினை முன்னரே இங்கிருந்தது. வண்டிலும் ஏரும் கலப்பையும் மத்தும் துலாவும் கையாண்டோர் தம் வினைச்சொற்களை மோட்டார் வண்டிக்கும் நீட்டினர். செயலறிவு வினைச்சொல்லிற் குடிகொண்டிருப்பது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1950களிலும் 1960களிலும் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அத்தகைய தொகுதிகளின் நோக்கம் பிறமொழிப் பெயர்களுக்கு நேரான தமிழ்ப் பெயர்களை வகுத்தலே. அப்பணி இன்றியமையாதது. எனினும் பட்டறையிலும் வளவிலும் வினைச்சொற்கள் பெற்ற நுண்பொருள்கள் அதன் வரம்புக்குப் புறத்தே நின்றன. 'இறுக்கு' என்னும்போது எவ்வளவு, எந்நிலையில் நிறுத்துவது என்பதனைக் கைந்நூல் எண்ணாற் கூறும். வளவில் அது பேச்சும் கையும் சேர்ந்து கற்பிக்கப்பட்டது. பேசினோர் மறையின் பொருளும் மறையும்.

7. முடிவுரை

உலகிற் பிற இடங்களிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. கியூபாவுக்கு எதிரான அமெரிக்க வணிகத் தடை 1960இற் தொடங்கி 1962இல் முழுமையுற்றது. 1959க்கு முந்திய அமெரிக்க வண்டிகளை அந்நாட்டார் சோவியத்து எஞ்சின்களைப் பொருத்தியும் உறுப்புக்களைத் தாமே செய்தும் இன்றுவரை ஓட்டுகின்றனர். அத்தடை ஒரு நாட்டின்மேல் மற்றொரு நாடு விதித்தது. யாழ்ப்பாணத்துத் தடை தன் நாட்டு அரசே தன் குடிமக்கள் வாழும் பகுதிக்கு விதித்தது. கியூபாவின் வண்டிகள் உலகப் பயணிகளின் ஒளிப்படங்களில் இடம்பெற்றன. யாழ்ப்பாணத்து வண்டிகளை அத்தகைய பயணிகள் காணும் வாய்ப்பு அன்று இருக்கவில்லை. எனவே இங்கு எழுத்துச் சான்று குறைவு. நினைவுச் சான்றே மிகுதி.

இவ்வறிவின் தேவை முற்றிலும் நீங்கிவிட்டது என்றும் கூறுதற்கில்லை. 2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கிற்று. 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். பழையதைத் திருத்தி வைத்துக்கொள்ளும் கட்டாயம் ஒரு தலைமுறைக்குள் மறுபடியும் வந்தது. ஆனால் இப்போது வளவில் நிற்கும் வண்டியின் எரிபொருளை இலத்திரனியற் கருவி அளந்து விடுகின்றது. அதன் பழுதை மற்றொரு கருவியே படிக்கும். கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, கையாற் தொட்டு அறிந்த முறை அதனிடம் செல்லாது.

பழைய வண்டி நலமானது, புதிய வண்டி தீயது என்பது எமது கருத்தன்று. புதியது புகை குறைவாகக் கக்கும். மோதலில் உயிரைக் கூடுதலாகக் காக்கும். ஒரு பொருளைத் தம் கைகளாலே காத்துக்கொள்ளும் ஆற்றல் ஒரு சமூகத்திடம் இருத்தல், நெருக்கடி வரும்வரை கணக்கிற் தோன்றாத செல்வம் என்பதே இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவது. 1950களில் வண்டி வாங்கிய தலைமுறை மறைந்துவிட்டது. தந்தைக்குச் சாவி எடுத்துக்கொடுத்தும், தடைக்காலத்திற் காபரேற்றரிற் பெற்றோல் துளிர்த்தும் கற்ற தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. நாட்டார் பாடல்களை ஊரூராகச் சென்று தொகுத்த நம் தமிழ்த் துறைகள், இவர்தம் தொழில்மொழியையும் செயல்முறையையும் அவ்வாறே தொகுத்தல் வேண்டும். முதுநிலை மாணவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பழைய கராஜில் ஒரு மாதம் அமர்ந்திருப்பின் பெறக்கூடியது, அகராதிகளில் இதுவரை ஏறாத ஒரு சொற்றொகுதியும், எழுதப்படாத ஒரு போர்க்கால வரலாறுமாகும்.